பெங்குயின் 'தி த்ரீ தீபன் ப்ளேஸ்': டிராஜடி புரியணும்னா இந்த புக் வாங்கலாமா?

டிராஜிக் ஹீரோன்னா யாருன்னு கேட்டா நம்ம ஊர் கைடு எல்லாத்துலயும் ஒரே பதில்தான் இருக்கும். பெரிய மனுஷன், அவன்கிட்ட ஒரு குறை, அந்தக் குறையால விழுந்தான், முடிஞ்சுது, அஞ்சு மார்க். ஈடிபஸ்னா "திமிர்", மேக்பத்னா "பேராசை", ஒத்தெல்லோன்னா "பொறாமை", மேட்ச் த ஃபாலோயிங் மாதிரி கோடு போட்டுட்டுப் போயிடலாம். அக்கா பையன் பி.ஏ. இங்கிலிஷ் படிக்கறான், அவன் வச்சிருந்த கைடுலயும் இதேதான் (எந்த கைடுன்னு சொல்லல, எல்லாமே ஒண்ணுதான்). அவனுக்காக வாங்கினதுதான் இந்த பெங்குயின் கிளாசிக்ஸ் புக், இப்ப அது என்கிட்டதான் இருக்கு, அவன் கேட்டாலும் குடுக்கற ஐடியா இல்ல.

முதல்ல என்ன கிடைக்குதுன்னு சொல்லிடறேன். பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸோட மூணு நாடகம் ஒரே புக்ல: ஆன்டிகனி, ஈடிபஸ் தி கிங், ஈடிபஸ் அட் கொலோனஸ். கிரேக்கத்துல இருந்து மொழிபெயர்த்தவர் ராபர்ட் ஃபேகிள்ஸ், பிரின்ஸ்டன்ல வாத்தியாரா இருந்தவர், இலியட் ஒடிசி எல்லாம் அப்புறமா பண்ணி ரொம்ப ஃபேமஸ் ஆனாரு. முன்னுரையும் குறிப்பும் பெர்னார்ட் நாக்ஸ். கிரேக்க நாடக மேடை பத்தி ஒரு பொது முன்னுரை இருக்கு, அது போக ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியா ஒண்ணு. கடைசில குறிப்புகள், பேர் விளக்கம், யாருக்கு யாரு என்ன உறவுன்னு வம்சாவளி. இந்தக் குடும்பத்துல அந்த வம்சாவளி ரொம்பத் தேவைங்க, அப்பாவே அண்ணன் முறையும் ஆகுற வீடு.

மொழிபெயர்ப்பு எப்படின்னா, பேசற மாதிரி இருக்கு. நெட்ல ஃப்ரீயா கிடைக்கற பழைய மொழிபெயர்ப்புகள் நிறைய இருக்கு, ஜெப் பண்ணது, ஸ்டோர் பண்ணது, கில்பர்ட் மரே எதுகை போட்டுப் பண்ணதுன்னு, எல்லாமே நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலிஷ், அதுல ஈடிபஸ் கத்தறப்பகூட பத்திரப் பதிவு ஆபீஸ்ல ஆவணம் வாசிக்கற மாதிரியே இருக்கும். ஃபேகிள்ஸ்ல வரி சின்னது பெருசா உடையும், ஆள் பதறினா வரியும் பதறும். வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. நானும் அக்கா பையனும் ஒரு நாள் மொட்டை மாடில உக்காந்து கடைசி விசாரணை சீனைப் படிச்சோம், நான் ஈடிபஸ், அவன் அந்த வயசான மேய்ப்பன். ஒத்தை ஒத்தை வரியா கேள்வி பதில், கேள்வி பதில்னு வேகம் ஏறிக்கிட்டே போகும், "நான் சொல்லக்கூடாததைச் சொல்லப் போற விளிம்புல நிக்கறேன்"னு மேய்ப்பன் சொல்ல, "நானும் அதைக் கேக்கற விளிம்புலதான் நிக்கறேன், ஆனாலும் கேட்டே ஆகணும்"னு ஈடிபஸ் சொல்ற இடம் வந்தப்ப பையன் புக்கைக் கீழ வச்சுட்டு "மாமா, இவன் ஏன் நிறுத்த மாட்டேங்கறான்?"னு கேட்டான். அந்தக் கேள்விலதான் மொத்த சப்ஜெக்டும் இருக்கு. கைடு அதைக் கேக்கவே இல்ல.

சரி, கதை தெரியாதவங்களுக்கு. ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுல ஏதென்ஸ்ல டயோனிசஸ் தியேட்டர்ல உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் இந்தக் கதை ஏற்கனவே தெரியும். ட்விஸ்டுக்காக யாரும் வரல. தீப்ஸ் ஊர்ல கொள்ளை நோய். ராஜா ஈடிபஸ் மச்சான் கிரியோனை டெல்ஃபில இருக்கற அப்போலோ சாமி கோயிலுக்கு அனுப்பிக் குறி கேக்கறான். பழைய ராஜா லேயஸைக் கொன்னவன் இந்த ஊர்லயேதான் இருக்கான், அவனை விரட்டினாதான் நோய் தீரும்னு பதில் வருது. ஈடிபஸ் உடனே ஊர் முன்னாடி நின்னு கொலைகாரனுக்குச் சாபம் விடறான், லேயஸுக்காக "என் சொந்த அப்பாவுக்காகப் போராடற மாதிரி" போராடுவேன்னு வேற சொல்றான். லேயஸ்தான் அவன் சொந்த அப்பா (பொறந்தப்பவே மலைல விட்டுடச் சொல்லி ஒரு மேய்ப்பன்கிட்ட குடுத்துட்டாங்க, அப்புறம் கொரிந்த் ராஜா வீட்ல வளர்ந்தான்). கொன்னவனும் அவன்தான். பார்க்கற எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் வாய்ல இருந்து வர்ற ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவன் கழுத்தையே சுத்துது.

இப்ப கைடு சொல்ற "திமிர்" தியரியை இங்க வச்சுப் பாருங்க. ஈடிபஸுக்குக் கோபம் வரும், ஒத்துக்கறேன். கண்ணு தெரியாத குறிசொல்லி டைரீசியஸ் "என்னை வீட்டுக்கு அனுப்பிடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது"ன்னு கெஞ்சறாரு, அவரையே கொலைக்கு உடந்தைன்னு திட்டறான். கிரியோன் மேல சதிப் பழி போட்டுச் சாவுத்தண்டனைன்னு மிரட்டறான். எல்லாம் சரி, ஆனா இந்தக் கோபத்தாலயா அவன் விழுந்தான்? அப்பாவைக் கொன்னது, அம்மாவைக் கட்டினது எல்லாம் நாடகம் ஆரம்பிக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சது. நாடகத்துல அவன் பசு மாதிரி சாந்தமா இருந்திருந்தாலும் லேயஸ் உயிரோட வரப்போறதில்ல. அந்த மூணு ரோடு சந்திப்புலகூட, வண்டில வந்தவங்கதான் முதல்ல இவனை ரோட்டை விட்டுத் தள்ளப் பாத்தாங்க, இவன் கோபத்துல வண்டிக்காரனை அடிச்சான், உடனே வண்டில இருந்த கிழவன் இவன் தலைல அடிச்சான். அப்பாவைக் கொன்னு அம்மாவைக் கட்டுவேன்னு குறி வந்ததும், அப்பா அம்மாவுக்கு நம்மால கெடுதல் வந்துடக் கூடாதுன்னு கொரிந்தை விட்டே ஓடி வந்தவன்யா அவன், இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் பண்ணுவான்?

இன்னொரு கோஷ்டி உண்டு, "எல்லாம் விதி"ன்னு முடிச்சுடுவாங்க. விதின்னா அப்புறம் நாடகம் எதுக்கு? பொம்மலாட்டம் பாத்துட்டுப் போலாமே.

இங்கதான் நாக்ஸோட முன்னுரை காசுக்கு மேல வேலை செய்யுது. இந்த ஆள் சாதாரண ப்ரொஃபசர் இல்ல, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல சண்டை போட்டவர், ரெண்டாம் உலகப் போர்ல பிரான்ஸ்ல பாராசூட்ல குதிச்சவர், அதுக்கப்புறம்தான் யேல்ல போய் டாக்டரேட் வாங்கினாரு. அதனாலயோ என்னவோ வளவளன்னு இழுக்க மாட்டாரு. ஃப்ராய்ட் 1900ல கனவு பத்தின புக்ல ஈடிபஸைப் பத்தி எழுதினதை எடுத்து வச்சுக்கிட்டு, இது வெறும் விதி நாடகம்ங்கற பேச்சை நிதானமா பிரிச்சுப் போடறாரு. அவரு சொல்ற விஷயத்தை என் பாஷைல சொன்னா இதான்: ஈடிபஸ் என்ன செய்வான்னு அப்போலோ முன்னாடியே சொன்னது நிஜம், ஆனா அதை அவன் *கண்டுபிடிக்கணும்னு* எந்தக் கடவுளும் விதிக்கல. நம்ம கண்ணு முன்னாடி மேடைல நடக்கறது கொலை இல்ல, கல்யாணம் இல்ல, ஒரு விசாரணை. கிரியோனை டெல்ஃபிக்கு அனுப்பினது அவன் முடிவு. குறியை ஊர் முன்னாடியே சொல்லுன்னது அவன் முடிவு (கிரியோன் உள்ள போய்ப் பேசலாமான்னுதான் கேக்கறான்). டைரீசியஸை வரவழைச்சது, மேய்ப்பனைத் தேடிப் பிடிச்சது, பேச மறுத்தவன் கையை முறுக்கச் சொன்னது, எல்லாம் அவனே.

இதைப் படிச்சப்புறம் திரும்ப நாடகத்துக்குப் போனா எல்லா சீனும் வேற மாதிரி தெரியுது. அவனை நிறுத்தச் சொல்லி மூணு பேர் கெஞ்சறாங்க, டைரீசியஸ், அவன் பொண்டாட்டி ஜொகாஸ்டா (அவதான் அம்மாவும்), மேய்ப்பன். மூணு பேருமே அவன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. கேட்டிருந்தா தப்பிச்சிருப்பான், ஊர் செத்திருக்கும். ஊரை ஆட்டிப் படைச்ச ஸ்ஃபிங்ஸ்ங்கற ராட்சசியோட புதிரை விடாப்பிடியா யோசிச்சு அவிழ்த்து ஊரைக் காப்பாத்தினானே, அதே விடாப்பிடிதான் இப்பவும், அதே மூளை, ஊர் மேல அதே அக்கறை, இந்தத் தடவை புதிருக்கு விடை அவனே. அவனைப் பெரிய ஆளாக்கின குணமும் அவனை அழிச்ச குணமும் ஒண்ணுதான். அதைக் "குறை"ன்னு தனியா வெட்டி எடுத்தா மிச்சம் ஈடிபஸே இருக்க மாட்டான். டிராஜிக் ஹீரோன்னா எனக்கு இதான். குறை இருக்கற நல்லவன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான், அவங்க எல்லாருக்காகவும் நமக்கு அடிவயிறு கலங்கறதில்ல.

அரிஸ்டாட்டிலையும் கைடு பாதிதான் சொல்லுது. சோஃபக்ளீஸ் செத்து எழுபது வருஷம் போல ஆனப்புறம் எழுதினவர் அவர், 'கவிதையியல்'ங்கற புக்ல திரும்பத் திரும்ப உதாரணம் காட்டறது ஈடிபஸைத்தான். ரொம்ப உத்தமன் விழுந்தா அருவருப்பாதான் இருக்கும், கெட்டவன் விழுந்தா பரிதாபமே வராது, அதனால நடுவுல இருக்கறவன் வேணும், பேரும் புகழும் உள்ளவன், கெட்ட குணத்தால விழாம ஏதோ ஒரு தப்பால விழறவன்னு சொல்றாரு. கெட்ட குணத்தால இல்லன்னு அவரே தெளிவா சொல்லியிருக்க, அப்புறம் திமிர் எங்கேந்து வந்துச்சு? அதை விட முக்கியமா, அவரு கேரக்டரை ரெண்டாவது எடத்துலதான் வைக்கறாரு, முதல் எடம் கதைப் பின்னலுக்கு. மேடைல பாக்காம, நடந்ததைக் காதால கேட்டாலே உடம்பு நடுங்கிப் பரிதாபம் வரணும்ங்கறாரு, ஈடிபஸ் கதை அப்படின்னு சொல்றாரு.

அந்தப் பின்னலுக்கு ஒரே ஒரு சீன் போதும். கொரிந்த்ல இருந்து ஒரு ஆள் வர்றான், நல்ல செய்தி கொண்டு வர்றோம், ஏதாவது சன்மானம் கிடைக்கும்னு சந்தோஷமா வர்றான். உங்க அப்பா பாலிபஸ் செத்துட்டாரு, வயசாகித்தான் செத்தாரு, இனிமே கொரிந்துக்கும் நீங்கதான் ராஜான்றான். ஈடிபஸுக்கு மூச்சு திரும்பி வருது, அப்பாவைக் கொல்லுவேன்னு சொன்ன குறி பொய்யாப் போச்சு. ஆனாலும் அம்மா இன்னும் இருக்காளே, அந்தப் பக்கமே போக மாட்டேன்றான். உடனே அந்த ஆள் உதவி பண்றதா நெனச்சுக்கிட்டு, அட அதுக்கா பயப்படறீங்க, அவங்க உங்களைப் பெத்தவங்களே இல்லைங்க, காலு குத்திக் கட்டின குழந்தையா உங்களை வாங்கிக் குடுத்ததே நான்தான்னு சொல்லிடறான். அவ்ளோதான். பயத்தைப் போக்க வந்தவன் வாயாலயே எல்லாம் தலைகீழா போயிடுது. இந்தத் திருப்பத்தைத்தான் அரிஸ்டாட்டில் பேர் சொல்லிக் குறிப்பிடறாரு, நிலைமை மாறறதும் உண்மை தெரியறதும் ஒரே நேரத்துல நடக்கறதுதான் பெஸ்ட்னு சொல்லி ஈடிபஸைக் காட்டறாரு.

இதுல ஃபேகிள்ஸ் வெர்ஷன்ல கவனிக்க வேண்டியது ஜொகாஸ்டா. அந்த ஆளும் ஈடிபஸும் பேசிக்கிட்டே இருக்க, அவ ஒரு வார்த்தை பேசாம பக்கத்துலயே நிக்கறா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. வாயைத் திறந்தா, வேண்டாம், இதோட விட்டுடுன்னு கெஞ்சறா. ஈடிபஸ் என்ன நினைக்கறான் தெரியுமா, நான் அடிமைக் குலத்துல பொறந்தவனா இருந்தா இவளுக்குக் கவுரவக் குறைச்சல் போலன்னு நினைக்கறான்! அவ உள்ள போனவ திரும்பி வர்றதே இல்ல. தூக்குல தொங்கறா, அவ டிரஸ்ல இருந்த ஊசியை உருவி இவன் கண்ணைக் குத்திக்கறான். ரெண்டுமே மேடைல நடக்காது, ஒருத்தன் வந்து சொல்றான், அந்த வர்ணனை பாக்கறதை விட மோசம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி படிக்காதீங்க. அப்புறம் கோரஸ் (மேடைல ஊர் பெரியவங்களா நிக்கற பாட்டுக் கூட்டம்) கேக்குது, எந்த தெய்வம் உன்னை இப்படிப் பண்ண வச்சுதுன்னு. அப்போலோதான், ஆனா குத்தின கை என்னோடதுன்றான். விதியா சுய முடிவான்னு பட்டிமன்றம் வைக்கறவங்க அந்த ரெண்டு வரியைப் படிச்சுட்டு வாங்க.

லாஜிக் ஓட்டையும் இருக்கு, மறைக்க வேண்டாம். இத்தனை வருஷம் ராஜாவா இருந்திருக்கான், முந்தின ராஜா எப்படிச் செத்தான்னு விசாரிக்கவே இல்லையா? அரிஸ்டாட்டிலுக்கே இது உறுத்தியிருக்கு, ஆனா அந்த நம்பமுடியாத விஷயம் நாடகத்துக்கு வெளிய நடக்கறதால பரவாயில்லன்னு விட்டுடறாரு. நம்ம சினிமால இதுக்கு ஃப்ளாஷ்பேக் போட்டுச் சமாளிச்சிருப்பாங்க.

இப்ப குறைகள். குறிப்பெல்லாம் புக் கடைசில இருக்கு, வரி நம்பரை வச்சு நீங்களே தேடிப் போகணும், நாடகத்துக்குள்ள எந்த அடையாளமும் கிடையாது. எந்த வரிக்குக் குறிப்பு இருக்குன்னு தெரியாமலே புரட்டிக்கிட்டு இருக்கணும், எரிச்சல். ரெண்டாவது, மேடைக் குறிப்பு. யார் எங்க திரும்பறாங்க, எங்க தயங்கறாங்கன்னு சாய்வு எழுத்துல வரும், அதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது, கிரேக்க மூலத்துல அப்படி எதுவும் கிடையாது. புதுசா படிக்கறவங்களுக்கு உதவியா இருக்கும், ஆனா பரீட்சைல "சோஃபக்ளீஸ் இங்க மேடைக் குறிப்புல சொல்றாரு"ன்னு எழுதி வச்சுடாதீங்க. அப்புறம் ஃபேகிள்ஸ் சில எடத்துல வரியை ஊதிப் பெருசாக்கறாரு, அதுவும் கோரஸ் பாட்டுல. வார்த்தைக்கு வார்த்தை மூலத்தை ஒட்டிப் போகணும்னா இது உங்களுக்கான புக் இல்ல, ஜெப்பையே படிங்க.

மத்த ரெண்டு நாடகம் பத்திச் சுருக்கமா. மூணும் ஒரே குடும்பக் கதைங்கறதால தொடர் நாடகம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, வேற வேற காலத்துல தனித்தனியா எழுதினது. புக்ல எழுதின வரிசைலதான் போட்டிருக்காங்க, அதனால கதைப்படி கடைசில வர்ற ஆன்டிகனி முதல்ல வருது. நீங்க நடுவுல இருக்கற ஈடிபஸ் தி கிங்ல ஆரம்பிங்க, முன்னுரையை நாடகம் முடிச்சப்புறம் படிங்க, நாக்ஸ் முன்னாடியே எல்லாத்தையும் போட்டு உடைச்சுடுவாரு.

ஆன்டிகனில ஹீரோ யாருன்னே சண்டை போடலாம். ஈடிபஸோட பொண்ணு அவ, இப்ப ராஜாவா இருக்கற கிரியோன் உத்தரவை மீறி, செத்த கூடப்பொறந்தவன் பிணத்தை அடக்கம் பண்ணப் போய் குகைல அடைபடறா. பேர் அவளோடது, ஆனா உண்மை தெரிஞ்சு உடைஞ்சு போறது கிரியோன்தான். ஒரு சின்ன விஷயம் பாருங்க, கடைசில கிரியோன் மனசு மாறினப்ப கோரஸ் என்ன சொல்லுது, முதல்ல போய் அந்தப் பொண்ணை விடுவி, அப்புறம் பிணத்தை அடக்கம் பண்ணுன்னு. கிரியோன் என்ன பண்றான், முதல்ல பிணத்தை அடக்கம் பண்ணிட்டு அப்புறமா அவளைத் தேடிப் போறான். போறதுக்குள்ள அவ தூக்கு மாட்டிக்கிட்டா, பையன் ஹீமன் அங்கயே வாளைச் சொருகிக்கறான், செய்தி கேட்டு பொண்டாட்டியும் சாகறா. அரிஸ்டாட்டில் கணக்குக்கு அவளை விட கிரியோன்தான் நல்லாப் பொருந்தறான்னு எனக்குத் தோணுது, ஆனா மனசு அவ பக்கம்தான் போகுது.

கொலோனஸ் நாடகம் சோஃபக்ளீஸ் தொண்ணூறை ஒட்டின வயசுல எழுதினது, அவரு செத்தப்புறம் கி.மு. 401ல அவரோட பேரன் மேடையேத்தினான். மெதுவாதான் போகும், அவசரப்படறவங்க விட்டுடலாம். கண்ணு போன கிழவனா ஈடிபஸ் இதுல வந்து "எனக்குத் தெரியாம நடந்துச்சு, என் மேல என்ன தப்பு"ன்னு வாதாடறான், முந்தின நாடகத்துல கண்ணைக் குத்திக்கிட்டவனா இதுன்னு இருக்கும். சாவுகூட அமைதியா, மரியாதையா வருது. இதுவும் டிராஜடிதான். சோகமா முடிஞ்சாதான் டிராஜடின்னு நினைக்கறவங்களுக்காகவே சொல்றேன், கிரேக்கர்கள் அப்படி ஒரு ரூல் வச்சிருக்கல.

ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் கழிச்சது அந்தக் குறிப்புத் தொல்லைக்கு. பரீட்சைக்கு மூணு நாள் இருக்கறவங்க கைடையே படிங்க, இதுக்கு நேரம் பத்தாது. மத்தவங்க பேப்பர் புக்காவே வாங்குங்க, செய்யுள் வரியெல்லாம் போன் ஸ்க்ரீன்ல ஒடைஞ்சு அசிங்கமா தெரியும். பழைய புத்தகக் கடைல கிடைச்சா இன்னும் நல்லது, அட்டைல ஃபேகிள்ஸ் பேர் இருக்கான்னு பாத்து வாங்குங்க, ஏன்னா பெங்குயின்லயே இதே மூணு நாடகத்துக்கு ஈ.எஃப். வாட்லிங் பண்ண பழைய மொழிபெயர்ப்பு 'தி தீபன் ப்ளேஸ்'னு இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், நாக்ஸோட முன்னுரை அதுல வராது.